பதுவாவில் நாற்பது நிமிஷம்

"வாசு சார், மேடம் எங்கே?"

டூர் மேனேஜர் சேதுமாதவன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. என் பக்கத்து சீட் மட்டும் காலி.

"வந்துடுவா சார்."

"போன் பண்ணிப் பாருங்களேன்."

"எடுக்கலை."

இத்தாலியில் பதுவா என்கிற ஊர். பத்து நாள் ஐரோப்பியச் சுற்றுலாவின் கடைசி நாள். வெனிஸிலிருந்து மிலான் விமான நிலையம் போகிற வழியில், மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். என் மனைவி ஜெயலட்சுமி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போனவள்தான்.

"விடுங்க வாசு," என்றார் பின் சீட்டு சிவசங்கரன். தோஹாவிலிருந்து வந்தவர். "இத்தாலியில லெதர் பேக் பிரமாதம். அதான் நான் என் சம்சாரத்தைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுக்கொடுக்க எனக்கு அந்த ஒரு சிரிப்பு போதுமாக இருந்தது.

பொழுது போகட்டும் என்று சேதுமாதவன் மைக்கை எடுத்தார்.

"பத்து நாள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"ரோமில் அந்தக் கொலோசியம்," என்றார் சிவசங்கரன். "ரெண்டாயிரம் வருஷமா நிக்குது சார். தோஹாவில எங்க ஃப்ளாட் சுவர் ரெண்டு வருஷத்துல உதிருது."

"எனக்கு ஈஃபில் டவர்," என்றார் அவர் மனைவி. "அந்த லைட்டெல்லாம் போட்டப்போ இவர்கூட அழகாத் தெரிஞ்சார்."

நான் பைசா கோபுரம் என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே. கண் முழுக்க ஜன்னலில் இருந்தது.

நாற்பது நிமிஷம் தாமதமாக ஜெயலட்சுமி ஓடி வந்து ஏறினாள். முகமெல்லாம் வேர்வை. "ஸாரி, ஸாரி" என்று ஒவ்வொரு வரிசையிலும் சொல்லிக்கொண்டே வந்தாள். கையில் பை எதுவும் இல்லை.

"என்ன மேடம், விலை படியலையா?" என்றார் சிவசங்கரன்.

"உனக்கு அறிவு இருக்கா?" என்றேன் நான். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். "இத்தனை பேரை உட்கார வெச்சுட்டு அப்படி என்ன வாங்கப் போனே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சேதுமாதவன் சமாளிக்கப் பார்த்தார். "சரி மேடம், நீங்க மட்டும்தான் பாக்கி. உங்களுக்குப் பிடிச்ச இடம்?"

"இந்த ஊர்தான்."

பஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

மிலான் வரை நான் அவளோடு பேசவில்லை. விமானத்திலும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் சவூதியில், தம்மாம் ஏர்போர்ட்டில் இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். யேசுராஜ் காத்திருந்தார். ஜுபைலில் நான் வேலை பார்க்கும் பிளான்ட்டின் வெல்டிங் ஃபோர்மேன். கன்னியாகுமரி கடற்கரைக்காரர். போகும்போது எங்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டே கேட்டிருந்தார். "ஸார், ஒங்க டூர் பேப்பர்ல பதுவான்னு போட்டிருக்கு. அங்கதான் அந்தோணியாருக்க கல்லறை. எனக்க மவ ஷிஜிக்கு இது ஏழாம் மாசம். முன்ன ரெண்டும் தங்கல. அந்தக் கல்லுல எனக்காக ஒருக்கா கை வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இது என்ன பெரிய விஷயம்? கண்டிப்பா வெக்கறேன்" என்று சொல்லியிருந்தேன்.

பதுவாவில் நான் கை வைத்தது எலுமிச்சை சாதத்திலும் ஐஸ்கிரீமிலும்தான். மறந்து போனேனா, இல்லை மறந்தாலும் பரவாயில்லை என்கிற அளவில்தான் அதை மனதில் வைத்திருந்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

யேசுராஜ் பெட்டியைக்கூட வாங்கவில்லை.

"ஸார், கை வச்சீங்களா?"

"வெச்சேன்."

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் ஸார், நீங்க மறக்க மாட்டீங்கன்னு. நாளைக்கு லீவுல ஊருக்குப் போறேன். ஒங்க கையை எனக்க கையில ஒருக்கா வைங்க. அப்படியே கொண்டுபோய் அவ தலையில வச்சிருவேன்."

"அதுவரைக்கும் கை கழுவாம இருப்பீங்களா யேசுராஜ்?" என்று சிரித்துத் தப்பிக்கப் பார்த்தேன்.

"கழுவினா போற சாதனமா ஸார் அது?"

இரண்டு உள்ளங்கைகளையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார். பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கைகள். என் கை டிராலியை விட்டு வரவே மாட்டேன் என்றது.

ஜெயலட்சுமி எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"கரும்பச்சைக் கல்லு அண்ணே. தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. அவ்வளவு நீள வரிசை, நகரவே இல்லை," என்றாள்.

பிறகு தன் கைகளை அவர் கைகளின் மேல் வைத்தாள்.

"இவர் அவசரத்துல ஒரு கைதான் வெச்சார். நான் ரெண்டு கையும் வெச்சு, ஷிஜி பேரைச் சொல்லிட்டு வந்தேன். நீங்க என்னோடதை எடுத்துட்டுப் போங்க."