யாருக்கு வாழைப்பழம்?

மொரொகோரோ பயிற்சித் திடலில் அன்று கடைசித் தேர்வு. கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் எலி பஹாத்தி தேறினால்தான் அதை நடத்தப் பழகிவந்த உபெண்டோவுக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். வெடிமருந்து புதைத்த இடத்தைச் சுரண்டினால் கைக்கருவியின் ‘டிக்’ ஒலியும் வாழைப்பழமும் உண்டு. வேறு இடம் என்றால் எதுவும் கிடையாது.

பஹாத்தி சுரண்டியது. உபெண்டோ பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“என்னம்மா வேடிக்கை? பழத்தைக் குடு,” என்றார் மேற்பார்வையாளர் ம்குடே.

“புதைச்ச இடம் குறிச்ச வரைபடத்துல இங்க ஒண்ணும் இல்லையே, ஐயா.”

“காலையில நானே புதைச்சேன். என்னைப் பொய்யன்ங்கிறியா?”

“தோண்டிக் காட்டுங்க, குடுக்கிறேன்.”

“வாயைப் பாரு! குடுக்கிறியா, வீட்டுக்குப் போறியா?”

எலி அவளையே பரிதாபமாகப் பார்த்தது. உபெண்டோ பழத்தைப் பைக்குள் போட்டாள்.

“போறேன், ஐயா. இப்பக் குடுத்தா நாளைக்குக் கண்ட இடத்தையும் சுரண்டும். அப்புறம் நிஜ வெடியைக் காட்டினாலும் எவன் நம்புவான்?”

ம்குடே எலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“இதை ஒருத்தன் பாவம் பாத்துப் பாத்தே கெடுத்துட்டான். பழத்துக்காக எங்க வேணா சுரண்டும். அதான் வெடி எடுக்க அனுப்புறதில்ல. ஆள் எடுக்கிற தேர்வுக்கு மட்டும் கூட்டிட்டு வருவேன்.”

அவர் கையிலிருந்த கருவி ‘டிக்’ என்றது.

ஒரு துண்டு வாழைப்பழத்தை உபெண்டோவிடம் நீட்டினார்.