நாற்பத்திரண்டாவது சோதனை

நிரல் எழுதும் எடிட்டருக்கான துணைநிரலை, பிளக்கினை, சோதிக்க எந்தக் கருவி தேவலை என்று தைவானின் சின்ச்சு நகர அலுவலகத்தில் ருயிஃபென் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். பழைய கருவி நாற்பத்தொரு சோதனைகள், எல்லாம் தேறின என்றது. புதியது நாற்பத்திரண்டு என்றது, கடைசியாக ஒரு தோல்வி: "பச்சைப் பொட்டலம் மாத்தியாச்சா?"

"யாரு அக்கா இதை எழுதினது? கோமிங் அண்ணன் மாதிரியே நச்சரிக்குது!" என்றான் பக்கத்து மேசை ஷிகாய்.

நிரலில் அப்படியொரு வரியே இல்லை. அவர்களோடு வேலை பார்த்த கோமிங் இறந்து ஐந்து மாதமாகிறது. சர்வர் அடம்பிடிக்காமலிருக்க அந்த ஊர் வழக்கப்படி அதன்மேல் வைக்கும் பச்சைநிறத் தீனிப் பொட்டலத்தைக் காலாவதியாகும் முன் மாற்றுவது அவன் வேலை. ருயிஃபென் சர்வர் மேலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

"சரிடா, இரு," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கீழே கடையில் புதிய பொட்டலம் வாங்கி வந்து வைத்தாள். புதிய கருவியை மறுபடி ஓட்டியபோது நாற்பத்திரண்டும் தேறின.

மணி மூன்று; மதியச் சாப்பாடு இன்னும் பிரிக்காமலே அவள் மேசையில் இருந்தது. பழைய கருவியையும் மறுபடி ஓட்டினாள். அதுவும் இப்போது நாற்பத்திரண்டு என்றது. கடைசியாக ஒரு தோல்வி: "நீ சாப்பிட்டியா?"