சாம்பல் வம்சம்

"என் பூனைக்குக் கருத்தடையா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

புதிய கட்டாயச் சட்டத்தின் நோட்டீசோடு வாசலில் நின்ற நகராட்சி ஊழியர் தலையைச் சொறிந்தார்.

"இந்தத் தெருவுல திரியுற சாம்பல் குட்டி அத்தனையும் இவன் வாரிசு சார்," என்று காலடியில் கிடந்த பூனையைக் காட்டினார் தலைமையாசிரியர். "ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கேன். இருங்க, போட்டோ காட்டறேன்."

அவர் உள்ளே போனதும், அதுவரை பேசாதிருந்த மனைவி, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சான்றிதழை உருவி நீட்டினாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

"குட்டியா இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பேரப்பிள்ளைங்கன்னு கொஞ்சிட்டுத் திரியறார்."

ஆல்பத்தோடு திரும்பியவரிடம், "உங்க பூனைக்கு விலக்கு குடுத்தாச்சு சார்," என்றார் ஊழியர்.

தலைமையாசிரியர் மனைவியைப் பார்த்தார். "பாத்தியா, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கறாங்க. உன்ன மாதிரி வாயத் திறக்காம நின்னா காரியம் நடக்குமா?"