இறந்தவருக்கு ஒரு ஞானஸ்நானம்

"செத்தவனுக்கு ஞானஸ்நானமா? எங்க பாதிரியார் கேட்டா நாற்காலியிலேர்ந்து விழுந்துடுவார், மிஸ்யே," என்றான் க்ளெமான்.

அமெரிக்கர் கோபித்துக்கொள்ளவில்லை. புயலில் அடிபட்ட அவருடைய கப்பல் மூன்று வாரமாகத் துறைமுகத்தில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் அவர் எஞ்சினீயர். பட்டறையில் கூட வேலை பார்த்த க்ளெமான், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவரை துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவா குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். வந்தவர் ரம் வேண்டாம் என்றார். டீ, காப்பி எதுவும் வேண்டாம் என்றார். மோர்மோன் என்ற கிறிஸ்தவ சபையாம், அதில் இதெல்லாம் கூடாதாம். கடைசியில் க்ளெமானின் மனைவி அலமேலு புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.

வாலிபத்தில் இரண்டு வருஷம் பாரிஸில் ஊழியம் செய்திருந்ததால் அவருக்கு ப்ரெஞ்சு வந்தது. அலமேலுவின் அப்பா வைத்திலிங்கத்துக்குத்தான் அது வராது. இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட ஆள் ஏற்றி வந்த கடைசிக் கப்பல்களில் ஒன்றில் வந்தவர். வயது எழுபத்தொன்று. வீட்டில் யார் என்ன பேசினாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சொல்றார், சொல்லு," என்று மகளை நச்சரித்தார்.

"நாமெல்லாம் பிறக்கிறதுக்கு முன்னாடி சாமிகிட்டதான் இருந்தோமாம்ப்பா. ஒரு உடம்பைக் கொடுத்து, நல்லது கெட்டதுல எதை எடுக்கிறோம்னு சோதிச்சுப் பார்க்க இங்கே அனுப்பினாராம். இவங்க வேதத்தைக் கேக்காமலே செத்தவங்களுக்கு அங்கே இருக்கிற இவங்க ஆளுங்க அதைச் சொல்லுவாங்களாம். ஆனா தண்ணியில முங்க உடம்பு வேணுமில்ல? அதனால உயிரோட இருக்கிற ஒருத்தர், செத்தவர் பேரைச் சொல்லி முங்கி எழுந்திருப்பாராம்."

"அவன் பேர்ல இன்னொருத்தன்." வைத்திலிங்கம் நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினார். "அது செல்லுமான்னு கேளு."

"செல்லும்," என்றார் அமெரிக்கர். "ஆனால் செத்தவர் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு."

"சம்மதிப்பானா?"

"அது இவருக்கு எப்படிப்பா தெரியும்?"

"சரி, அவனைக் கேக்கட்டும். யாராவது அவனைக் கேக்கணும்."

"குடும்பமெல்லாம் அங்கேயும் பிரியாம ஒண்ணா இருக்குமாம், மாமா," என்றான் க்ளெமான். "காலாகாலத்துக்கும். அத்தையும் இருப்பாங்க. யோசிச்சுப் பேர் கொடுங்க."

அமெரிக்கர் சிரித்தபடி பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். ஊருக்குப் போனதும் தங்கள் கோயிலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

அலமேலுவின் அம்மா போய் நாலு வருஷமாகியிருந்தது. "அம்மா பேரை எழுதச் சொல்றேன்ப்பா."

"உங்கம்மாவுக்கு எதுக்கு? முப்பது வருஷம் முருகனுக்குப் பால்குடம் எடுத்தவ. அவன் பார்த்துக்குவான். வேற சாமி வந்து கூப்பிட்டா சண்டைக்கில்ல போவா. நான் வேற ஒரு பேர் தர்றேன். அது ஒண்ணு போதும்."

அலமேலுவுக்குச் சுருக்கென்றது. அம்மாவை விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள்?

"எழுதிக்கச் சொல்லு. ஆம்பளை. ஊர் திருவையாத்துக்குப் பக்கம். வயசு இருபது. செத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. மதராஸ்ல, கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவில. வாந்திபேதி."

அமெரிக்கர் எழுதினார். "சொந்தக்காரராக இருக்க வேண்டும். என்ன உறவு?"

"இந்த வீட்டுல எல்லாருக்கும் உறவுன்னு சொல்லு."

"கூடப்பிறந்தவராப்பா? நீங்க சொன்னதே இல்லையே?"

"கூடப்பிறந்தவன் இல்லை. டிப்போவில ஒன்பது நாள் பக்கத்துப் பாய்."

க்ளெமான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஒன்பது நாள் படுத்திருந்தவனுக்கு சொர்க்கம். நாற்பது வருஷம் சோறு போட்டவங்களுக்கு ஒண்ணுமில்லை."

அலமேலு சிரிக்கவில்லை. "வழியில பார்த்த ஆள் அம்மாவை விடப் பெரிசாப் போயிட்டாரா? நான் இதைச் சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்களே சொல்லிக்குங்க."

"கோவிச்சுக்காதே. உங்கம்மா வாழ்ந்துட்டுப் போனா. கல்யாணம், நீங்க மூணு பேர், பேரப்பிள்ளைங்க, எல்லாம் பார்த்தா. இங்கே வர்றதே ஒரு சோதனைக்குத்தான்னு இவர் சொல்றார். அவனுக்கு அது நடக்கவே இல்லை. கப்பல் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டே போயிட்டான். இந்த மனுஷன் இன்னும் ரெண்டு நாள்ல புறப்பட்டுடுவார். இதுக்கப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அப்பா அவளிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அமெரிக்கரிடம் உறவு என்றே சொன்னாள்.

"பெயர் சரியாக இருக்கட்டும்," என்றார் அவர். "பெயர் மாறினால் செத்தவருக்குச் சேர வேண்டியது வேறு ஆளுக்குப் போய்விடும்."

அலமேலு அதையும் தமிழில் சொன்னாள். வைத்திலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

"பெயர்?" அமெரிக்கர் பேனாவோடு காத்திருந்தார்.

"வைத்திலிங்கம்."

"உங்க பேரை இல்லைப்பா. செத்தவர் பேரைக் கேக்கறார்."

"அதைத்தாம்மா சொன்னேன். கப்பலுக்கு லாயக்கில்லைன்னு டாக்டர் தள்ளினது என்னை. அவன் உடம்பை என் பேர் சொல்லித் தூக்கிட்டுப் போனாங்க, கப்பலுக்கு அவன் பேரைக் கூப்பிட்டப்ப நான் எழுந்து போனேன்."