மாத்திரை மாற்றிய பிறகு

"உப்பு கம்மின்னா வாயால சொல்லுங்க, தட்டை ஏன் வீசுறீங்க?"

"வாயை மூடுடி!"

கத்தியது எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எறும்புக்கும் வழிவிடுகிற மனுஷன். வலிப்புக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு நின்றது, கோபம் வந்தது. "எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை, அக்கா" என்று அவர் மனைவி என்னிடம் அழுவாள். நான் தற்செயலாகத்தான் தினமும் ஜன்னலோரம் நிற்பேன்.

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். கோபம் போனது, கூடவே பேச்சும் போனது. ஒரு மாலை அவர் என் வாசலில் நின்றிருந்தார். வழக்கம்போல் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து அவர் குரலே கத்தியது: "எங்கடி தொலைஞ்ச?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது இன்னும் போகலைங்க."

வீட்டைக் காலி பண்ணலாம் என்று மனைவியிடம் கெஞ்சினார். அவள் அசையவில்லை.

"நீங்க எதுக்கும் 'ம்'னுகூட சொல்றதில்ல. அதுவாவது பதில் பேசுது."

கடையை விற்றுவிட்டு அவர் தன் அக்கா ஊருக்கே போய்விட்டார். அவள் இங்கேதான் இருக்கிறாள். இப்போது சண்டை குறைந்துவிட்டது. நேற்று அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.