முதல் வரிசை நாற்காலி

"தகர டப்பாவைக் கல்லுல தேய்ச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிட்டான், மெர்வின். அதுவும் எல்லார் முன்னாடியும்!"

லோர்னா கிளாரினெட் பெட்டியைச் சமையலறை மேசைமேல் வைத்தாள். சொன்னவன் ஸ்காட்ஸ்டேல் ஊர் பேண்டுக்குப் புதிதாக வந்த மாஸ்டர் கீத். விவசாயக் கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். அங்கே ஒரு நிமிடம் அவள் தனியாக வாசிக்க வேண்டும். அதற்குள் நாதம் தேறாவிட்டால் அந்த வாய்ப்பும், பதினொரு வருடமாக அவள் உட்காரும் முதல் வரிசை நாற்காலியும் இரண்டாம் வரிசையில் ஊதும் டெல்மாவுக்கு.

"புது சீவாளி மாத்திட்டேன். மவுத்பீஸும் புதுசு. இதுக்கு மேல என்ன பண்ண?" என்றாள்.

"கடைக்காரன் பொழைச்சான்" என்றார் அவள் கணவர் மெர்வின். "எடு. ஊது."

கிளாரினெட்டில் அதுதான் தொல்லை. மேல்பல் ஊதுமுனையில் பதிந்திருப்பதால் ஓசை மண்டைக்குள்ளேயே அதிரும். வெளியே எப்படிக் கேட்கிறது என்று ஊதுகிறவருக்குத் தெரியாது. பேண்டில் யாரைக் கேட்டாலும் "அருமை" என்பார்கள். அதற்குத்தான் மெர்வின்.

அவர் நாற்காலியை அவள் பின்னால் இழுத்துப் போட்டு, முதுகில் உள்ளங்கையை வைத்தார். லோர்னா ஒரே கீழ் ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தாள்.

"நிறுத்து. மூச்சு தோள்லயே நிக்குது. வயித்துல இருந்து வரட்டும்."

மறுபடி.

"தொண்டையை இறுக்குற. யாரும் உன் கழுத்தைப் பிடிக்கலை."

மறுபடி. இருபது நிமிடம் அதே ஸ்வரம். லோர்னா எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள்ளேயே பேசினாள்: "டெல்மா ஊதினா வாத்து கத்துற மாதிரி இருக்கும். அவளுக்குப் போய் என் நாற்காலியா?"

"ஃபிரிட்ஜுகிட்ட முணுமுணுக்காதே. என்கிட்ட சொல்லு."

அவள் திரும்பி நின்று சொன்னாள். மெர்வின் சிரித்தார். "வாத்துக்காவது பயம் கிடையாது. நீ பயந்து பயந்து கடிக்கிற. உதட்டைத் தளர்த்து."

பன்னிரண்டு நாள் இப்படியே போனது. பதின்மூன்றாம் நாள் ஸ்வரம் முடிந்தபிறகும் அவர் கை முதுகிலேயே இருந்தது.

"இதுதான்" என்றார். "இதை விட்டுடாதே."

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் லோர்னா தன் பகுதியை வாசித்து முடித்தபோது, பின்வரிசையில் டிரம்காரர்கூடக் குச்சியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கீத் மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"அந்த நாற்காலி உங்களுதுதான் லோர்னா. சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"என் வீட்டுக்காரர்தான். நான் ஊத ஊத, தப்பு சொல்லுவார்."

"அடேயப்பா! அந்தக் காதை வியாழக்கிழமை இங்க கூட்டிட்டு வாங்க. மொத்த கிளாரினெட் வரிசைக்கும் தப்பு சொல்லட்டும்."

"வருவார். ஆனா நீங்க அவர் முகத்தைப் பார்த்துப் பேசணும், கீத்" என்றாள் லோர்னா, சீவாளியைத் துடைத்தபடி. "மர மில்லு இரைச்சல்ல ரெண்டு காதும் போய் இருபத்திரண்டு வருஷமாச்சு. நான் இதைத் தொட்டதே அதுக்கப்புறம்தான். நான் வாசிச்சு அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."