துறையில் ஓர் இடம்

அழகமுத்து ஊன்றுகோலோடு தட்டுத் தடுமாறித் துறைக்கு வந்து சேர்ந்தபோது மற்றப் படகுகள் அக்கரையிலிருந்து திரும்பி நின்றன; அவன் படகு மட்டும் அங்கே இல்லை.

துறை நெடுகக் கண்ணை ஓட்டினான்.

கால் முறிந்து கண்டி ஆஸ்பத்திரியிலும், பிறகு குண்டசாலை வீட்டிலுமாகப் படுத்துக் கிடந்த காலமெல்லாம் அவன் பயந்தது இதற்குத்தான். கெட்ட சேதி காதில் விழுந்துவிடுமோ என்று துறைப்பக்கத்து ஆட்கள் யாரிடமும் விசாரிக்கக்கூட இல்லை.

அந்த நீர்த்தேக்கத்துத் துறையில் படகு கட்ட ஓர் இடம் கிடைப்பது லேசான காரியமா? வருசக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்த பிறகு காப்பாற்றுவது அதைவிடப் பெரிய பாடு. காலையில் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பிப் போய், அக்கரையில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தக் காலை ஓட்டத்துக்கு ஒழுங்காக வராத படகின் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படகோட்டிகள் சங்கத்தின் சட்டம் அது.

கரையோரத் தேத்தண்ணிக் கடையில் பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் படகு எங்க?"

"அட, அழகமுத்தா! வா, ஒக்காரு. ஒன் படகு மட்டும் இன்னும் அக்கரையில இருந்து திரும்பல. ஜவாஹிர் நானா ஓட்டிட்டுப் போயிருக்காரு."

"ஜவாஹிரா? அவரு எதுக்கு என் படகத் தொடணும்?"

"நீ விழுந்ததுல இருந்து அவருதான ஓட்டுறாரு. நீதான் குடுத்திருக்கேன்னு நெனச்சேன்."

குடுத்தேனாம்! ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அந்த ஆளுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பயணிகளைக் கூவி ஏற்றுவதில் இருவருக்கும் எத்தனை நாள் சண்டை!

அப்போதுதான் கவனித்தான். ஜவாஹிர் படகு கட்டும் இடத்தில் புதுப் படகு ஒன்று நின்றது.

"அது யாரு படகு?"

"லெட்சுமணன் படகு. போன கிழமையில இருந்து அங்கதான் நிக்குது."

"அப்ப ஜவாஹிர் படகு?"

"அந்தா, பலா மரத்தடியில கவுத்துப் போட்டிருக்கே."

அழகமுத்துவுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஆள் சொந்த இடத்தை லெட்சுமணனுக்கு விற்றுவிட்டான். விற்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டான். காலொடிந்தவன் திரும்பியா வரப்போகிறான் என்ற தைரியம்!

படகு கரை சேர்ந்தது. பிள்ளைகள் குதித்து இறங்கி பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஜவாஹிர் அவனைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

"வாங்க தம்பி! கால் சொகமா?"

"என் கால் கெடக்கட்டும் நானா. யாரக் கேட்டு என் படகுல கை வச்சீங்க?"

இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். ஜவாஹிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. துடுப்பை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"ஒங்க சாமான் ஒங்ககிட்ட வந்துட்டுது தம்பி. மத்தத செக்ரட்டரிகிட்ட கேட்டுக்கங்க."

தலையைக் குனிந்தபடி படியேறிப் போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான் அழகமுத்து. விடக்கூடாது! அதே சூட்டோடு சங்க அறைக்குள் நுழைந்தான். செயலாளர் ராஜலிங்கம் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"உக்காருப்பா. எப்ப வந்த?"

"உக்கார வரல ஐயா. நான் படுத்துக் கெடந்த நேரம் பாத்து ஜவாஹிர் நானா என் படகத் திருடி ஓட்டியிருக்காரு. தன்னோட எடத்த லெட்சுமணனுக்கு வித்துட்டாரு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? அவர இந்தத் துறைய விட்டே விரட்டணும்."

ராஜலிங்கம் அவனையே பார்த்தார்.

"அவரு எதையும் விக்கல அழகமுத்து. அந்த எடத்த நாங்கதான் பறிச்சோம்."

"பறிச்சீங்களா? ஏன்?"

"சட்டம் ஒனக்குத் தெரியாததா? அவரு படகு காலை ஓட்டத்துக்கு வரல."

"வரலையா? தெனமும் ஓட்டியிருக்காருன்னு பேச்சியம்மா சொல்லுதே!"

"ஓட்டினாரு, ஒன் படக. ஒன் படகு ஒரு காலையும் தப்பல. அதனாலதான் ஒன் எடம் இன்னும் ஒன் பேர்ல இருக்கு. ஒரு வார்த்த ஒன்கிட்ட கேட்டுட்டு ஓட்டலாம்னு ஆஸ்பத்திரிக்கும் வந்தாராம். நீ நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தியாம்."

அழகமுத்து அன்று தூங்கவில்லை. வார்டு வாசலில் அவரைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கட்டிலருகே வெகுநேரம் நின்றுவிட்டு அவர் போன பிறகுதான் திறந்தான்.

கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப... அவரோட படகையும் அவரு ஓட்டியிருக்கலாமே, ஐயா?"

ராஜலிங்கம் ஜன்னல் வழியே பலா மரத்தடியைப் பார்த்தபடி சொன்னார்:

"நானும் அதத்தான் சொன்னேன், 'நானா, ஒங்க படக ஓட்டுங்க, இல்லாட்டி ஒங்க எடம் போயிரும்'னு. 'ஒரே நேரத்துல ரெண்டு படகு ஓட்ட முடியாதே ஐயா, எனக்காவது ரெண்டு காலும் இருக்கு'ன்னாரு."